முகூர்த்தத்துக்கு முன் போட்ட ஊசி

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஏழு வருஷம் மாத்திரையில் ஓடியது. அதற்கு மேல் மாத்திரை மட்டும் கேட்காது என்று டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். கம்பத்தில் நான் ஜாக்கெட் தைக்கும் கடையும் என் வீடும் ஒரே வாசலில் இருப்பதால் அந்த அரை மணி நேரம் ஒரு நாளும் தப்பியதில்லை.

என் அக்காவை மார்க்கையன்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தது. ஊசிக்கு மாறியதைச் சொன்னதும் போனிலேயே அழுதாள். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்பது அவள் எண்ணம். அப்படியெல்லாம் இல்லை, உடம்புக்கு இன்னும் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். நானும் மூச்சு விடவில்லை. என் தப்பு அங்கேயே தொடங்கியது.

மயிலாடும்பாறையில் மாப்பிள்ளை அமைந்தான். சின்னமனூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் ஜாக்கெட் எல்லாம் என் கைத் தையல். அன்று காலை ஏழு மணிக்கு மணப்பெண் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டேன். கீழே இட்லி வேகும் வாசனை வந்தது. பத்து நிமிஷத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடலாம் என்று நம்பினேன். இலையைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போட்டது இரண்டாவது தப்பு.

கீழே இறங்கும்போது பெண்ணின் ஜாக்கெட்டில் கொக்கி பிய்ந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். நின்றபடியே தைத்துக் கொடுத்தேன். அது முடிந்து பந்திக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி ஆட்கள் முதலில் சாப்பிடட்டும், நாமெல்லாம் தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்கு உடனே சாப்பிட வேண்டும் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை.

மணி எட்டரை ஆனபோது விரல் நடுங்க ஆரம்பித்தது. கழுத்தெல்லாம் வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. பையில் ஒரு மிட்டாய்கூட இல்லை. பரிமாறப் போன தட்டிலிருந்து ஒரு கரண்டி கேசரியை அள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அக்கா வந்து கையைப் பிடித்தாள்.

"சர்க்கரையை வச்சுக்கிட்டு இனிப்புத் திங்கிறியே, உனக்குப் புத்தி இருக்காடி?"

இல்லக்கா, இப்ப இனிப்புத்தான் வேணும் என்று சொல்ல நினைத்தேன். நாக்குக் குழறியது. என்ன சொன்னேனோ தெரியவில்லை. அவள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பச்சைப் பட்டுச் சேலையின் முதுகு மட்டும் தெரிந்தது. அப்புறம் தரை.

யாரோ வலிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். என் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தினார்கள். எனக்கு எல்லாம் தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது. சமையல் குழுவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷனும் ஊசி போடுகிற ஆளாம்.

"ஏத்தா, ஊசி போட்டுட்டுச் சாப்பிடலையா?"

தலையை ஆட்டினேன். விழுங்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அப்போதும் விடாமல் இரண்டு இட்லியைச் சாப்பிட வைத்தாள். அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத் திட்டவில்லை. சாப்பாடு கைக்கு வந்த பிறகு ஊசியை எடுங்கள், பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும், கூட இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. கூட இருந்தவளுக்குத்தானே தெரிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காப்பி போட்டேன். அவள் தம்ளரைத் தொடவில்லை.

"உங்க குடும்பத்துல வலிப்பு இருக்கான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாக. நான் என்னன்னு சொல்ல? ஒரு நாள் அந்த ஊசியைப் போடாம இருந்தா செத்தா போயிருவ?"

சர்க்கரை இறங்கும்போது இனிப்புக் கொடுத்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன் என்று நிதானமாகத்தான் விளக்கினேன். சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரை கொடுக்க எந்த ஊரில் சொல்கிறார்கள் என்று கேட்டாள். கடைசியில், எனக்கு வந்தது வலிப்பு இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கித் தரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் காட்டியதும் அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் என் சர்க்கரை எப்படி இறங்கியது என்று தெளிவாக எழுதியிருந்தது. அக்கா அதை மயிலாடும்பாறை வரைக்கும் சுமந்துகொண்டு போனாளே ஒழிய, படித்தாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தத் தை மாதம் பெண்ணுக்கு வளைகாப்பு. துணியும் அளவு ஜாக்கெட்டும் பஸ்ஸில் கொடுத்துவிட்டு அக்கா போன் பண்ணினாள். எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

"நீ வர வேணாம்டி. அங்கன வந்து மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஜாக்கெட்டைத் தைத்து முடித்து, கொக்கி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மார்க்கையன்கோட்டைப் பக்கம் போகிற பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். வளைகாப்பு அன்று காலையில் வழக்கம்போல விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். தட்டில் தோசையை வைத்துக்கொண்டு ஊசி போட்டேன். நேரம் பார்த்துச் சாப்பிட்டேன். கடையில் இருந்த ஒரு பெண், அக்கா மகள் வளைகாப்பு இன்றைக்குத்தானே, போகவில்லையா என்று கேட்டாள். நிறையத் தையல் கிடக்கிறது என்று பொய் சொன்னேன். மெஷினில் அப்போது ஒரு துணியும் இல்லை.