ஏரிக்கரையில் பஸ் ஓட்டிய சிவகாமி அக்கா

மலாக்காவில், கம்பெனிப் பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். தெங்கேரா பக்கம் ஓடும் டிரைவர் ஒருவர் குனிந்து, "அண்ணே, காஜா பெராங் சிவகாமி அக்கா காலையில தவறிட்டாங்களாம்" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். உடனே வெளியே வர மனமில்லை.

உங்களில் பலருக்கு அவர் பாசாரில் பலகாரம் விற்ற அக்கா. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டில் மலாய்தான் பேச்சு. ராமசாமி அண்ணனைக் கட்டிய பிறகே தமிழ் கற்றார். அந்தத் தமிழ் கடைசிவரை கொஞ்சம் நொண்டியது. ஆனால் எங்கும் நின்றதில்லை. அண்ணன் எங்கள் கம்பெனியின் நெடுந்தூர டிரைவர். வடக்கே போனால் வாரத்துக்கு ஒருமுறை வீடு திரும்புவார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடி கிளம்பிவிடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அண்ணன் ஓய்வு பெற்றார். சில மாதம் கழித்து அக்கா பட்டறைக்கு வந்து நின்றார்.

"தம்பி, அந்த ஆள் இப்போ நாள் முழுக்க வீட்ல இருக்கார். நான் அடுப்புக்குப் போனா அவர் எழுந்து வெளியே போறார். அவர் உள்ளே வந்தா எனக்கு வேலை ஓடல. சண்டை இல்ல. பேச்சே இல்ல. அது என்னோட வீடுலா, அவருக்குப் பழக்கம் இல்ல."

"நான் என்ன செய்யணும் அக்கா?"

"வடக்கே ஒரு ஏரி இருக்குன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றார். ரெண்டு பேருக்கும் புது இடம். அங்கே கொஞ்ச நாள் இருந்து பார்க்கணும். உன்கிட்ட பழைய பஸ் கிடக்குதே."

கம்பெனி கழித்துப் போட்ட பஸ் அது. முதலாளியிடம் நானே கேட்டு வாங்கினேன். இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து, பின்பக்கம் மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மேடை வைத்தோம். காஜா பெராங்கில் சிலர் சிரித்தார்கள். "வயசான காலத்துல ஊர்சுத்தப் போறீங்களா?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "ஆமாம், வயசுல நேரம் கிடைக்கல" என்றார் அக்கா.

மழை குறைந்த மாதங்களில், தைப்பிங்குக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில், கம்பம் என்கிற மீனவர் சிற்றூரை ஒட்டி பஸ்ஸை நிறுத்திக் குடியிருந்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். கரை மேட்டில் அந்தப் பஸ் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அக்கா. கிளட்ச் கனம் என்பதால், இருக்கையை விட்டு எழுந்து முழு உடம்பையும் போட்டு மிதித்தார். பக்கத்தில் அண்ணன், "மெதுவா, மெதுவா, இப்ப விடு" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"முதல் வாரம் ரெண்டு பேரும் தண்ணியைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தோம்" என்று அக்கா பிறகு சொன்னார். "அவருக்குப் பேசத் தெரிஞ்சது காடி ஓட்டுறது ஒண்ணுதான். சரி, அதையே எனக்குச் சொல்லிக்குடுங்கன்னேன்." பதிலுக்கு அண்ணன் மிளகாய்ச் சம்பல் இடிக்கக் கற்றிருந்தார். அன்று எங்களுக்குப் பரிமாறியது அவர் இடித்த சம்பல். உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை; அக்கா மட்டும் சொன்னார். அண்ணன் சிரித்தார்.

நாங்கள் திரும்பிய சில வாரங்களில் அது நடந்தது. ஒரு காலை, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. மீனவர்கள் ஏரிக்குள் போயிருந்தார்கள். கம்பத்தில் வேறு வண்டி இல்லை. இரண்டு பெண்களைத் துணைக்குக் கூப்பிட்டு அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அக்கா ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். கரை மேட்டைத் தாண்டி அவர் ஓட்டியதே கிடையாது.

காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். பெரிய சாலையில் போலீஸ் தடுப்பு. இளம் மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். அக்கா மலாயில் சொன்னதை அண்ணன் படுத்தபடியே கேட்டிருக்கிறார்.

"இல்லை, மகனே. பின்னால் பார், என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறேன், பிறகு என்னைப் பிடி."

போலீஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு படியில் ஏறி நின்று, கையை வெளியே வீசி வழி விலக்கிக்கொண்டே கூட வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனைத் தூக்கிப் போனபின்னும் அக்கா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். இறங்க முடியவில்லை. அந்தப் போலீஸே கைகொடுத்து இறக்கினாராம். "வழியில பயம் வரல தம்பி. எல்லாம் மொத்தமா அங்கேதான் வந்துச்சு" என்றார் என்னிடம்.

கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அக்காவை யாரும் பிடிக்கவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று ஒரு போலீஸ் சார்ஜன் கண்டித்ததோடு சரி. நான் ரயிலில் போய் பஸ்ஸை மலாக்காவுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் இருவரும் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேச்சு என்று இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அதன்பின் பாசாரில் அக்காவின் பலகாரக் கூடையை அண்ணன்தான் சுமந்து வந்தார். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக அக்காவைப் பார்த்தது போன மாதம், ஆஸ்பத்திரியில். அண்ணன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நானும் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "உன் பெஞ்சாதிக்கு எதைக் கேட்டா சிரிப்பு வரும், தெரியுமா?"

சமாளித்து ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. "தெரியலன்னா தாப்பா லா, பரவாயில்ல. போய் அவங்ககிட்டயே கேளு. இப்பவே கேளு, ரிட்டயர் ஆகட்டும்னு இருக்காதே."

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். என் மனைவி கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரியாத கதைகள். விளக்கேற்றும் நேரம் தாண்டியும் முடியவில்லை. சிவகாமி அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்வி. தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்கிறேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.