தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு குடில்

வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் மாநகராட்சியின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் கீழே கொஞ்சம் காலியிடம். ஆவணியில் அங்கே பிள்ளையார் வைப்பார்கள். டிசம்பரில் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் கிறிஸ்துமஸ் குடில் போடுவார். மனைவி இறந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

அந்த வருஷம் பிள்ளையார் பந்தலுக்குப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. பொது இடம் என்றார்கள். கார்த்திகை முடியும் சமயம் விழாக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நான் தாலுகா அலுவலகத்தில் கிளார்க். தெருவில் யாருக்கு மனு என்றாலும் நான்தான் எழுதுவேன்.

"நம்மளுக்கு மட்டும் சட்டம் பேசுறாங்கண்ணே. குடிலுக்கு யாரு அனுமதி குடுத்தா? ஒரு மனு எழுதிக் குடுங்க," என்றார் ஒருவர்.

மறுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம்தானே என்று தோன்றியது. அரசு நிலத்தில் எந்த மதத்தின் அலங்காரத்தையும் அனுமதிக்கக் கூடாது என்று சர்வே எண்ணோடு எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கீழே பெயர் மட்டும் அவர்களுடையது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு மாநகராட்சி ஆட்கள் நோட்டீஸுடன் வந்தார்கள். அண்ணன் வாக்குவாதம் செய்யவில்லை.

"நீங்க தொடாதீங்க. நானே பிரிச்சிர்றேன்," என்றார்.

தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கூரைய ஒரு பக்கம் பிடிங்க."

பிடித்தேன். வைக்கோல் கூரையை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். மண்ணால் செய்த மாட்டைப் பழைய பேப்பரில் சுற்றியபடியே சொன்னார்.

"நோட்டீஸோட மனு நகலும் வச்சிருந்தாங்க தம்பி. எழுத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப காப்பீட்டுக்கு எழுதிக் குடுத்தீங்கள்ல, அதே எழுத்து."

சட்டத்தைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"சட்டம் அப்படித்தான்னா சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போடாம இருந்திருப்பேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் ஒரு நட்சத்திரம்கூடத் தொங்கவில்லை. சித்திரைக்கு முன்பே வீட்டைக் காலி செய்து மேலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆவணியிலும் பிள்ளையாருக்கு அனுமதி மறுத்தார்கள். இந்த முறை நான் எழுதிய மனுவையே எடுத்துக் காட்டினார்களாம். கமிட்டிக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தொட்டியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது.

வேலையாக மேலூருக்குப் பல முறை போயிருக்கிறேன். ஒருமுறை விசாரித்துக்கொண்டு அவர் மகள் இருக்கும் தெருவரை போனேன். வாசலில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிர்வதற்குள் திரும்பிவிட்டேன்.