ஒரே காலில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும்

முதல் நாளே அனீஸ் என்னைத் திட்டிவிட்டார்.

"வண்டிய ஓரங்கட்டுங்கக்கா. நான் எறங்கி நடந்தே போறேன்."

நடக்க முடியாதவர் சொன்ன பேச்சு இது. ஒத்தக்கடைக்கு முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கரை அப்போதுதான் தாண்டியிருந்தோம். எனக்குப் பக்கத்துச் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை பெல்ட் மாட்டி, அவரைப் படுக்க வைத்திருந்தோம். பின் சீட்டில் அவருடைய அம்மா. அந்த அம்மா "யா அல்லா" என்றதோடு சரி.

அனீஸுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தெற்கு வெளி வீதிப் பக்கம் காருக்கு சீட் கவர், ஹார்ன், விளக்கு எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். பரணில் இருந்து சரக்கு எடுக்கப்போய் ஏணியோடு விழுந்ததில் முதுகெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இப்போது விடாமல் எக்ஸர்சைஸ் செய்தால் கால் திரும்ப வாய்ப்பு உண்டு, இந்த மாதங்களைக் கோட்டைவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எக்ஸர்சைஸ் சென்டர் திருவாதவூர் போகிற ரோட்டில் இருக்கிறது. திங்கள், புதன், சனி போக வேண்டும். எனக்கு முன்னால் வந்த டிரைவர்களை அவர் திட்டியே விரட்டியிருக்கிறார். பொம்பளை டிரைவர் என்றால் பதமாக ஓட்டுவாள் என்று யாரோ சொல்லி, விளாங்குடி ஸ்டாண்டில் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்சிக்கு வருவதற்கு முன் டிரைவிங் ஸ்கூலில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வண்டியில் ஏறிய கர்ப்பிணிகளும் கண் ஆபரேஷன் முடித்தவர்களும் நான்தான் வேண்டும் என்று கேட்டு ஏறுவார்கள். ஸ்பீடு பிரேக்கரில் எறும்பு ஏறுகிற மாதிரி ஏற்றியிருக்கிறேன். அதற்கு இந்தப் பேச்சா?

"தம்பி, இதுக்கு மேல மெதுவா ஏத்தணும்னா வண்டியத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றேன்.

"மேட்டுல ஏறுனது வலிக்கலக்கா. அதுக்கு முன்னாடி கியர எறக்குனீங்கல்ல, அங்கதான் உயிர் போகுது."

அப்போது எனக்கு அது புரியவில்லை. வலியில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வெட்டு எங்கே இருக்கிறது

புதன்கிழமை கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நாலாவது கியரில் வருகிறோம். முன்னால் மேடு தெரிகிறது. பிரேக்கை மிதித்து, கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து இரண்டாவதில் போட்டு கிளட்சை விடுகிறோம். அந்த நொடியில் வண்டி ஒரு வெட்டு வெட்டும். நமக்கு அது தெரியாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம், காலை ஊன்றியிருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் லேசாகத் தலையாட்டுவார். அவ்வளவுதான். முதுகில் கம்பியோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு ரோடு தெரியாது. எந்த வெட்டும் அவருக்குச் சொல்லாமல் வருகிற வெட்டுதான்.

அம்மா பின்னாலிருந்து "மேடு வருதுப்பா, மேடு வருதுப்பா" என்று சொல்லிப் பார்த்தார். "சொல்லாதீங்கம்மா, சொன்னா ஒடம்பு இறுகுது. அது இன்னும் வலிக்குது" என்று அனீஸ் அவரையும் ஒரு கடி கடித்தார்.

கிளட்சை மெதுவாக விட்டேன். கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அனீஸ் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்: "சனிக்கிழமையோட நிறுத்திக்குவோம்மா. என்னால முடியல. கால் வந்தா வருது, வராட்டிப் போகுது."

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு, அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்து எக்ஸர்சைஸ் குடுக்குறதுக்கும் ஆள் பாத்தாச்சும்மா. ஆனா அந்த மெஷினெல்லாம் இங்கதான் இருக்காம். இவன் வராம இருந்தா அந்தக் கால் அம்புட்டுத்தான். நீ எப்படியாச்சும் ஓட்டு செல்வி."

வண்டி ஓட்டுகிற பிழைப்பில் ஒரு ஆளின் கால் என் காலில் வந்து மாட்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

கையை வைத்துக் காட்டியது

அவர் திரும்பி வந்ததும் கேட்டே விட்டேன். "தம்பி, நொட்டை சொல்றீங்கல்ல, எப்படிப் போடணும்னும் நீங்களே சொல்லுங்க."

விழுவதற்கு முன்னால் லீவு நாட்களில் கோயம்புத்தூர்ப் பக்கம் போய் கார் பந்தயம் ஓட்டியவர் என்பது அனீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"ஹீல் அண்ட் டோ கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ரேஸ்காரங்க செய்யுறது. நமக்கு எதுக்கு அது?"

"அவங்க வேகத்துக்குச் செய்வாங்க. நீங்க எனக்காகச் செய்யுங்க."

காலை வைத்துக் காட்ட முடியாது என்பதால் கையை வைத்துக் காட்டினார். இடது கையின் இரண்டு விரல்களை நீட்டி, ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலேட்டர் என்றார். வலது உள்ளங்கைதான் கால். பெருவிரல் பக்கத்து அடிப்பாதம் பிரேக்கில் ஊன்றியபடியே இருக்க வேண்டும். கிளட்ச் மிதிபட்டிருக்கும்போது, பாதத்தின் வெளி ஓரத்தை அப்படியே சாய்த்து ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. என்ஜின் ஒரு ரேஸ் எடுக்கும். அதே நேரம் கியர் இரண்டாவதுக்கு விழ வேண்டும். அப்போது கிளட்சை விட்டால் என்ஜினும் சக்கரமும் ஒரே வேகத்தில் இருக்கும், வெட்டு வராது. குதிகால், விரல் என்று பெயரில்தான் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் பாதத்தின் ஓரம்தான் வேலை செய்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் நான் தினமும் கத்திய கத்தல் என்ன தெரியுமா? "வலது கால் ஒரு நேரத்துல ஒரு பெடலத்தான் மிதிக்கணும்!" இரண்டையும் சேர்த்து மிதித்தவர்களை வண்டியை விட்டு இறக்கி வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது எனக்கு அதுவே பாடம்.

கான்வாஸ் ஷூ

விளாங்குடிக்கு வெளியே மனை பிரித்துப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. தார் ரோடு உண்டு, கல் நட்டிருக்கிறார்கள், ஏதோ நகர் என்று பெரிய பெயர்ப்பலகையும் உண்டு. வீடுதான் ஒன்றுகூட இல்லை. வியாழனும் வெள்ளியும் விடிந்ததும் அங்கே போய்விட்டேன்.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டுக் காலை வைத்துப் பழகினேன். அப்போதே சிக்கல் தெரிந்தது. நான் வெறுங்காலில் ஓட்டுகிறவள், செருப்பைச் சீட்டுக்கு அடியில்கூட வைக்காமல் பின்னால் போட்டுவிடுவேன். ரேஸ்காரர்கள் பிரேக்கை அழுத்தி மிதிப்பார்கள், பெடல் கீழே இறங்கி ஆக்சிலேட்டர் மட்டத்துக்கு வந்துவிடும். எனக்கோ பதமாக மிதிக்க வேண்டும். அப்போது பிரேக் பெடல் உயரத்திலேயே நிற்கிறது, என் பாதத்தின் ஓரம் ஆக்சிலேட்டரை எட்டவில்லை. எட்டுவதற்காகச் சாய்த்தால் பிரேக் அழுந்தி வண்டி மூக்கைக் குத்துகிறது. இரண்டாவது விரலில் இருக்கிற மெட்டி வேறு பெடல் ரப்பரில் போய் மாட்டியது.

அனீஸுக்குப் போன் போட்டேன். "ஆக்சிலேட்டர்ல ஒரு தகடு வச்சு ஒசத்திடலாமே, கடையில இருக்கு" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஊர்ச் சனங்களை ஏற்றுகிற வண்டி, பெடலில் ஒட்டுவேலை செய்து அது கழன்று கொண்டால் யார் பதில் சொல்வது? கடைக்குப் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பி.டி. பீரியடுக்குப் போடுகிற வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். அடிப்பாகம் தட்டையாக, ஓரம் தடித்து இருந்தது. எட்டியது.

சேலைக்குக் கீழே வெள்ளை ஷூவோடு ஸ்டாண்டில் இறங்கியபோது கூட நிற்கிற டிரைவர் முருகேசன் விடுவானா? "என்னக்கா, இன்னைக்கு ஸ்போர்ட்ஸ் டேயா? நூறு மீட்டரா, லாங் ஜம்ப்பா?"

"ஈட்டி எறியுறது. நீ கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை வண்டி என்னை வைத்துப் பந்தாடியது. ரேஸ் அதிகமானால் வண்டி முன்னால் தாவும், குறைந்தால் பழைய வெட்டு. தட்டுகிற நேரத்தில் பிரேக்கில் இருக்கிற அழுத்தம் கூடவோ குறையவோ கூடாது. முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. காலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு என்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்த பிறகுதான் சரியாக விழ ஆரம்பித்தது. சரியாக விழும்போது வண்டி தண்ணீரில் இறங்குகிற எருமை மாதிரி அலுங்காமல் வேகம் குறைகிறது. முதல் தடவை அப்படி விழுந்ததும் யாருமில்லாத அந்த மனைக்கட்டில் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

இளம் டிரைவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஆக்சிலேட்டருக்குக் கேபிள் வைத்த பழைய பெட்ரோல் வண்டி. புது வண்டிகள் சிலவற்றில் பிரேக் மிதிபட்டிருந்தால் ஆக்சிலேட்டர் வேலை செய்யாது. ஆள் இல்லாத இடத்தில் பழகாமல் இதை ரோட்டில் செய்து பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை

மாட்டுத்தாவணியைத் தாண்டியதும் முதல் மேடு. தட்டினேன், என்ஜின் "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தது, கியர் விழுந்தது. அனீஸிடமிருந்து திட்டு வரவில்லை. அடுத்ததும் சரியாக விழுந்தது. அதற்கடுத்ததில் கொஞ்சம் ரேஸ் கூடிவிட்டது. "பதட்டப்படாதீங்க" என்றார். ஒத்தக்கடையில் திரும்பும்போது பார்த்தேன், சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்திருந்தார். அந்தச் சத்தம் அவருக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடுகிறது என்று அப்போது புரிந்தது. அம்மா வாய் திறந்து சொன்னால் இறுகுகிற உடம்பு, என்ஜின் சொன்னால் தளர்ந்துகொடுத்தது.

திருவாதவூர் ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிய பெரியவர் கை காட்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, வலது பக்கம் வயலுக்கு இறங்குகிற பாதையைப் பார்த்து அப்படியே குறுக்கே வெட்டினார்.

முழுப் பாதத்தையும் பிரேக்கில் இறக்கினேன். வண்டி நின்றது. மொபெட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. அனீஸ் போட்ட கத்தலில் அந்தப் பெரியவரே பயந்து மொபெட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அம்மா அழுதார். இத்தனை பாடும் வீணாய்ப் போயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது. பெரியவர் மொபெட்டைத் தூக்கி நிறுத்தியதும் வண்டியை எடுத்தேன்.

சென்டர் ஆட்கள் வீல் சேர் கொண்டுவருவதற்குள் அனீஸ் கேட்டார். "அந்த எடத்துல ரேஸ் குடுக்கணும்னு நெனச்சீங்களா?"

"நெனப்பே வரல தம்பி. பிரேக் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

"நெனச்சிருந்தா அவர அடிச்சிருப்பீங்க. அவசரத்துல பிரேக் மட்டுந்தான்னு சொல்லிக்குடுக்க மறந்துட்டேனேன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்." பிறகு பின்னால் திரும்ப முடியாமல் கூரையைப் பார்த்தே சொன்னார்: "அம்மா, திங்கக்கிழமை வெயிலுக்கு முன்னாடியே கெளம்பிருவோம். அக்காட்ட சொல்லிருங்க."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா அதை அப்படியே என்னிடம் சொன்னார். "திங்கக்கிழமை சீக்கிரம் வரணுமாம் செல்வி." சரி என்று சொல்ல வந்து, அழுகையை அடக்கத் தெரியாமல் டிக்கியைத் திறக்கப் போகிற மாதிரி இறங்கிப் பின்னால் போய்விட்டேன்.

பிறகு

மழைக்காலம் முடிகிற வரை கூட்டிக்கொண்டு போனேன். கால் வந்தது, முழுதாக வரவில்லை. கம்பு ஊன்றி நடக்கிறார், கடையைப் பார்த்துக்கொள்கிறார். கணுக்கால் மட்டும் மேலே மடங்காது, அது இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வலது காலுக்கு வேலையில்லாதபடி கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குகிற ஆட்டோமேட்டிக் காரில் இப்போது போகிறார் வருகிறார். அதில் கிளட்ச் கிடையாது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். நன்றாக ஓட்டுகிறோமா என்பதை ஸ்டியரிங் பிடித்தவர் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் திட்டினால், திட்டில் விஷயம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

போன மாதம் அனீஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தன் காரை நிழலில் விட்டுவிட்டு, கம்பை ஊன்றி என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எங்கே போகணும் என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லக்கா. திண்டுக்கல் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம்."

ரோடு காலியான இடத்தில் நாலில் இருந்து மூன்று, மூன்றில் இருந்து இரண்டு என்று இறக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் என்ஜின் குரல் கொடுத்தது. அனீஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய வலது தொடை மட்டும் லேசாக அசைந்தது, பாதம் கீழே ரப்பர் விரிப்பின் மேல் அசையாமல் கிடந்தது.

"இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.