ஜிபார்குல் பிய்த்த ரொட்டி

நாரின் நகருக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் பாதிப் பேர் ஜிபார்குல் டீச்சரிடம் இயற்பியல் படித்தவர்கள். நான்கு தேர்தல்களில் அவர்தான் வாக்குச்சாவடித் தலைவர். தோற்ற கட்சி எதுவும் அவர்மேல் புகார் கொடுத்ததில்லை. தேர்தல் மாதத்தில் அவர் கட்சிக்காரர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். இந்த முறை அதில் மகளைக் கட்டிக்கொடுத்த வீடும் சேர்ந்துகொண்டது. சம்பந்தி மெதெத்பெக் ஒரு கட்சிக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமா மகளப் பாக்கக்கூட வரல. கடிச்சா வெச்சிருவோம், சம்பந்தி?" என்று அவர் போனில் கேட்டார்.

"திங்கக்கிழமை வர்றேன். நல்ல கறியா எடுத்து வைங்க."

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குச் சிறிய வாக்குப்பெட்டி போகும். அன்று பிரச்சாரம் செய்பவர்கள் அதன் பக்கமே வரக்கூடாது. ஜிபார்குலோடு எதிர்க்கட்சிப் பார்வையாளர் கெஞ்செபெக்கும் போனார். போன வீட்டில் ரொட்டியில் ஒரு துணுக்காவது பிய்த்து வாயில் போடாமல் கிளம்பினால் அந்த வீட்டுக்கே அவமானம். மூன்று வீடுகளில் அப்படியே செய்தார்கள்.

நான்காவது வீட்டில், பக்கவாதத்தில் கிடந்த ஷார்கானின் மனைவி தட்டை நீட்டினார். ஜிபார்குலின் கை தானாகப் போயிற்று. மென்றுகொண்டே திரும்பினார். மூலையில் மெதெத்பெக், கையில் தேநீர்க் கிண்ணம்.

"சூடா இருக்கா, சம்பந்தி? நான் கொண்டாந்ததுதான்."

"வெளிய போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஷார்கான் வாக்களித்து முடித்ததும் ஜிபார்குல் ஒரு தாளை எடுத்து, நடந்ததை எழுதத் தொடங்கினார். கெஞ்செபெக் எட்டிப் பார்த்தார்.

"அவர் இருந்தத எழுதுறீங்க, சரி. 'அவர் கொண்டுவந்த ரொட்டியைத் தலைவர் ஜிபார்குல் சாப்பிட்டார்'னு எதுக்குக்கா? எதிர்க்கட்சி நானே எழுதமாட்டேனே."

"நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"இத மறைச்சா, நாளைக்கு நான் படிக்கிற எண்ணிக்கைய நீயே நம்பமாட்ட. கையெழுத்துப் போடு."

பதவியில் நீடிக்க, ரொட்டி பற்றிய வரியை அடித்துவிட்டால் போதும் என்றது மாவட்டத் தேர்தல் அலுவலகம். அவர் மறுத்தார். சாயங்காலமே பதவி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போனார். துணைத்தலைவர் எண்ணிக்கையை வாசித்தார். மெதெத்பெக்கின் கட்சி ஒன்பது வாக்கில் முந்தியது. தோற்ற தரப்பில் கெஞ்செபெக், ரொட்டித் தாளை ஒரு முறை படித்துவிட்டு, முடிவுத் தாளில் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை, சொன்னபடி ஜிபார்குல் சம்பந்தி வீட்டுக்குப் போனார். மகள் நிமிராமல் சாப்பாட்டு விரிப்பை விரித்தாள்.

"ஊரு பூரா என் பேர நாறடிச்சிட்டீங்க" என்றார் மெதெத்பெக்.

"அந்தத் தாளோட மேல் வரியப் பாக்கலியா? முதல் பேரு என்னுது."

மெதெத்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு ரொட்டித் தட்டை நகர்த்தினார். "இது மருமக சுட்டது. இதையும் எழுதுவீங்களா?"

ஜிபார்குல் ஒரு துண்டு பிய்த்து மென்றார்.

"உப்பு கம்மி" என்றார் மகளிடம்.