மலையில் எடுத்த அளவு

தையல்காரி என்றால் குனிந்த தலை நிமிராதவள் என்று நினைப்பவர்கள் ராகலையில் என் கடைக்கு வந்து பார்க்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இல்லாவிட்டால் இந்தக் கடையை என்றைக்கோ மூடியிருப்போம்.

நானும் கணவரும் பள்ளிக்கூட உடுப்பு தைத்துப் பிழைத்தோம். நுவரெலியாவில் பெரிய உடுப்புக்கடை ஒன்று வந்தது. தைத்த உடுப்பே மலிவாகக் கிடைக்கும்போது அளவு கொடுத்துவிட்டு யார் காத்திருப்பார்கள்? பள்ளிக்கூடம் திறக்கிற காலத்திலும் மெஷின் சும்மா கிடந்தது. கடையை மூடிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லி, அவர் ஒரு பெரிய பையை வாங்கி வந்தார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி குத்தாமல், ஈரம் ஏறாமல் இருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள். தடித்த பிளாஸ்டிக் விரிப்பு; அதைக் கட்டும் கயிறு இடுப்பை அறுக்கும். அம்மாவின் இடுப்பில் அந்தத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். மழைக்கோட்டுத் துணியில் அகலமான நாடா வைத்துப் படங்கு தைக்கத் தொடங்கினேன். அளவு எடுக்க யாரையும் கடைக்குக் கூப்பிடவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் பேச்சுப் பரவி, மெஷினுக்கு ஓய்வில்லாமல் போனது.

சும்மா விடுவார்களா? பெரிய கடையிலும் அதே படங்கு தொங்கியது, என்னுடையதைவிட மலிவாக. அவர் கொழும்புக்கென்று வாங்கிய பையில் சட்டைகளை அடுக்கினார். முதலில் அவர்கள் விற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் தடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு நல்ல சேலை உடுத்திப் போன பெண்கள் அங்கேயே கட்டிப் பார்த்து வாங்கினார்கள். கச்சிதமாக இருந்ததாம். திங்கட்கிழமை மலையில் வேலைக்கு ஏறும்போது, குளிருக்குச் சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, அதற்கு மேல் சுவெட்டர். நாடா சுற்றி வரவில்லை. சாயந்தரம் என் கடை வாசலில் கூட்டம்.

"அங்க வாங்குனத அங்கயே கொண்டு போகச் சொல்லு" என்று அவர் முணுமுணுத்தார்.

"நம்மள நம்பித்தானே வந்திருக்காங்க. நாடாவ வெட்டுங்க" என்றேன்.

கூலி வாங்கிக்கொண்டுதான் நீட்டிக் கொடுத்தேன், தர்மத்துக்கு இல்லை. அடுத்த படங்கை எங்களிடமே தைப்பதாகச் சொல்லிப் போனார்கள். சொன்னபடி வரவும் செய்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை கடைசி ஆளின் முறை வந்தபோது நாடா தீர்ந்துவிட்டது. நாளைக்கு வரச் சொல்வதற்காக வாசலுக்குப் போனேன். பேசிவிட்டுத் திரும்பினால், அவர் தைத்தே முடித்திருந்தார். கறுப்பு நாடா, நல்ல தடிப்பு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

மேசைக்குக் கீழே கிடந்ததைக் காலால் என் பக்கம் தள்ளினார். கொழும்புப் பை. சட்டைகள் வெளியே கிடந்தன; பையின் தோள்பட்டியைக் காணோம். வாசலில் ஆள் நிற்பதையும் மறந்து அழுதுவிட்டேன்.

அந்தப் பையில் இப்போது வெட்டுத்துணி போட்டு வைக்கிறோம்.