கரி குடித்த அன்று

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்கு வேலூரில் வேலை. நானும் மூன்று வயது மகளும் பள்ளியை ஒட்டிய வீட்டில் இருந்தோம்.

ஒரு நாள் காலை துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், நான் தலைவலிக்கு வைத்திருந்த ஆஸ்பிரின் புட்டி தரையில் காலியாகக் கிடந்தது. மகளின் வாயெல்லாம் வெள்ளை மாவு.

"புளிப்பு முட்டாய்ம்மா" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வந்த வியாபாரி ஒருவர் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

புட்டியைக் காட்டினேன்.

"மூட்ட கெடக்கட்டும். ஏறுங்க, செங்கத்துக்குப் போய்டலாம்."

வளைவுக்கு வளைவு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு முறை வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது.

செங்கத்து ஆஸ்பத்திரியில் மருத்துவர் புட்டியைப் பார்த்ததும் நர்ஸிடம் ஒரு கறுப்புத் தூளைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார்.

"கரியா டாக்டர்?"

"அடுப்புக்கரி இல்லம்மா. மருந்துக்குன்னே பக்குவம் பண்ண கரி. மாத்திரைய இழுத்து ஒட்டிக்கும், ரத்தத்துல சேர வுடாது."

"தின்னு ரொம்ப நேரமாச்சே!"

"இந்த மாத்திரை நெறைய உள்ள போனா கட்டியா நின்னு மெதுவாத்தான் கரையும். இன்னும் புடிக்கலாம்."

மகள் வாயைத் திறக்கவே இல்லை. நானே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினேன். ருசியே இல்லை, மணல் மாதிரி நெறுநெறுத்தது. என் கறுத்த பல்லைப் பார்த்துச் சிரித்தவள் டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாதியைச் சட்டையில் கொட்டி, மீதியைக் குடித்தாள். கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சாயங்காலம் மூச்சு சீரானது. மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே பயமில்ல. வெளிக்குக் கறுப்பாப் போவும், பதறாதீங்க" என்றார்.

வியாபாரி போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னாங்கம்மா, அம்மாவும் பொண்ணுமா மையக் குடிச்சீங்களா?"

அப்போதுதான் என் வாயைக் கழுவவே இல்லை என்று தெரிந்தது. சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பன்னைப் பிய்த்து மகளிடம் நீட்டினார்.

மறுநாள் காலை மருத்துவர் சொன்னபடியே கறுப்பாகப் போனாள். ஏதோ பரிசு வாங்கியவள்போல நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.