மெஷின் எரியும்வரை வெறுங்கால்

வேலாயி என் அக்கா. ரிங்லெட் டவுனுக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தோட்டத்துத் துரையே வந்து நின்றாலும் சொன்னதை மாற்றமாட்டாள். அந்தப் பிடிவாதத்தால்தான் மகள் பரமேஸ்வரி படித்து ஜெர்மனிவரை போனாள். அதே பிடிவாதம் வேலாயியின் காலுக்கும் வினையாக வந்தது.

1985இல் பரமேஸ்வரி லீவுக்கு வந்தபோது, அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"சூரியனுக்குள்ள எரியற மாதிரி ஒரு நெருப்ப உண்டாக்கி கரண்ட் எடுக்கணும் சின்னம்மா. அந்தச் சூட்ட எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால சுத்தியும் காந்தம் வச்சு, எதையும் தொடாம அந்தரத்துல நிறுத்தணும்."

"சரி, நிறுத்து."

"சும்மா வட்டமா கம்பி சுத்துன காந்தம் வச்சா நிக்காது, ஒழுகிடும். சுருளையே கோணல்மாணலா முறுக்கணும். எப்படி முறுக்கணும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறதுதான் என் வேலை."

ஒரு படம் காட்டினாள். பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி வளையம் வளையமாக இருந்தது. மெஷின் எங்கே என்றால் இன்னும் கட்டவே இல்லையாம். கட்டாத மெஷினுக்கு எந்த ஊரில் சம்பளம் கொடுப்பார்கள்? எனக்கு மண்டை காய்ந்தது. வேலாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது எப்ப எரியும்?"

"கணக்கு சரியா வந்தா எரியும்மா."

மகள் விமானம் ஏறிய வாரமே தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், மகளுடைய மெஷின் எரிகிறவரை காலில் செருப்பு, சப்பாத்து எதுவும் போடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். பரீட்சைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எங்கள் ஆட்கள் இப்படி நேர்வதுதான். மிஞ்சிப்போனால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாள். நானும் நினைத்தேன். மழையிலும் அட்டையிலும் நாங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு மலையில் இறங்க, அவள் வெறுங்காலோடு இறங்கினாள். வேலை வாங்கும் மண்டோர் திட்டியும் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று உள்ளங்காலில் ஏறியது. சர்க்கரை ஏறிய இனிப்புநீர் உடம்பு, புண் ஆறவில்லை. இனியும் வெறுங்காலோடு தேயிலைக்குள் இறங்கினால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வேலாயி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிங்லெட் தபால் நிலையத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன் போட்டேன்.

"ஒங்கம்மா கால் போகப் போவுது. அந்த மெஷின சீக்கிரம் எரிச்சுத் தொலைலா."

நேர்த்தி விஷயமே பரமேஸ்வரிக்கு அப்போதுதான் தெரியும். வந்து சேர்ந்தாள். புண்ணைப் பார்த்ததும் அழுதாள், அப்புறம் கத்தினாள்.

"அம்மா, அது எரிய இன்னும் முப்பது வருஷம்கூட ஆகலாம். என் காலத்துலயே எரியாமப் போனாலும் போகும். இதுக்குப் போய் நேந்துக்கிட்டு. எல்லாம் மூடநம்பிக்கை."

"அப்ப இத்தன நாளா என்னதான்டி பண்ணுன?" என்றேன்.

"முன்னாடியெல்லாம் கம்பிய முதல்ல சுத்திட்டு, நெருப்பு எங்க ஒழுகுதுன்னு பாப்பாங்க. நாங்க தலைகீழாப் போறோம். எப்படி நின்னா ஒழுகாதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்கு எந்த மாதிரி கம்பி வேணும்னு கம்ப்யூட்டரக் கேக்கறோம். அது ஒண்ணு சொல்லும், ஒழுகும். மாத்துவோம், மறுபடி ஒழுகும். இப்பத்தான் கொஞ்சம் கம்மியா ஒழுகுது."

எதுவுமே இல்லாத இடத்தில் எது ஒழுகுகிறது? கம்மியாக ஒழுக வைப்பதற்கா இத்தனை படிப்பு? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலாயிக்கும் புரிந்திருக்காது.

"நேந்தது நேந்ததுதான். எரியட்டும், போட்டுக்கறேன்" என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பரமேஸ்வரி தன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தாள்.

"யாருக்காக நேந்தாங்களோ அவங்களே ஏத்துக்கலாம்தானே. அந்த நேர்த்திய நான் ஏத்துக்கறேன். எரியற வரைக்கும் நான் வெறுங்காலோட நடக்கறேன்."

நிஜமாகச் சொல்கிறாளா, மிரட்டுகிறாளா என்று தெரியவில்லை. வேலாயி வாசலில் கிடந்த அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"அங்க முழங்கால் வரைக்கும் பனி கொட்டும்னு சொன்னியே."

"கொட்டும்."

வேலாயி எழுந்தாள். நொண்டிக்கொண்டே கோயிலுக்கு நடந்தாள். மகள் வெறுங்காலோடு பின்னால் போனாள். நான் வேலாயியின் பழைய ரப்பர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கோயில் வாசலில் நின்றபடியே வேலாயி கைகூப்பினாள்.

"ஆத்தா, அந்த மெஷின் எரியாட்டிப் போவட்டும். இவ கணக்கு வராட்டியும் போவட்டும். எனக்கு அது வேணாம். இவ கால் நல்லா இருந்தாப் போதும்."

"அப்படிச் சொல்லாதம்மா."

பரமேஸ்வரி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். மூடநம்பிக்கை என்று முந்தின நாள் கத்தியவள்தான். வேலாயி திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் எதக் கேக்கட்டும்? நீயே சொல்லு."

பரமேஸ்வரி அம்மனைப் பார்த்தாள். தாயின் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். என் கையிலிருந்த பூட்ஸை வாங்கிக்கொண்டு தரையில் குந்தினாள்.

"காலக் குடும்மா" என்றாள்.